கோடி அறையின் குளிர்
(பொதுக்காலத்தின் 24ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு)



யாக்கோபு இன்று இரண்டாம் வாசகத்தில் சுற்றி வளைக்காமல் கேட்கிறார். உடையும் அன்றைய உணவும் இல்லாத ஒருவரிடம், குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிறார உண்ணுங்கள் என்று நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பினால் அதனால் என்ன பயன்? பசியைப் பற்றி இந்தப் பீடத்திலிருந்து பலமுறை பேசியாகிவிட்டது. குளிரைப் பற்றிப் பேசியதில்லை. செப்டம்பர் பாதி கடந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ஹீட்டிங் போடுவார்கள்.

போட்ட அன்று, உங்கள் வீட்டு ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. ஏதாவது ஒன்று குளிர்ந்து கிடந்தால், அது யாருடைய அறை என்றும் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து குடியேறிய நம் வீடுகளில் நான் காண்பதைச் சொல்கிறேன். முன் அறையில் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து பேசலாம். மாடியில் கோடி அறையில், ஊரிலிருந்து வந்த அம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டு, போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு செபமாலை சொல்வார். கேட்டால், "பரவாயில்லை ஃபாதர், பழகிப்போச்சு" என்பார். பழகவில்லை. பிள்ளைக்குச் செலவு வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதலாகவே வேண்டியிருக்கும்.

பழுது பெரும்பாலும் சிறியதுதான். மேலே குளிர்ந்து கீழே சுட்டால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிடுங்கள். மேல் மூலையில் உள்ள சிறு திருகை அதற்கான சாவியால் இடப்புறமாக மெல்லத் திருப்பினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும். கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரில் உள்ள அழுத்த முள்ளைப் பாருங்கள். பொதுவாக, ஆறிய நிலையில் அது 1க்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்க வேண்டும். ரேடியேட்டர் முழுவதுமே குளிர்ந்திருந்தால், எண் போட்ட வால்வின் தலையைக் கழற்றுங்கள். கோடை முழுக்க அசையாமல் கிடந்ததில் உள்ளிருக்கும் சிறிய பின் சிக்கியிருக்கலாம். மெதுவாக அழுத்திவிட்டால் அது தானாக மேலே எழும்ப வேண்டும். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். அடிப்பகுதி மட்டும் குளிர்ந்தால் அது கறுப்புத் துருச் சேறு. வேலை தெரிந்தவர் கழற்றிக் கழுவட்டும். பாய்லரின் மூடியில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். அது கேஸ் சேஃப் பதிவு பெற்றவரின் வேலை.

இவை எதுவும் இல்லாமலும் கோடி அறை குளிரும். இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் எளிய வழியில் ஓடும். பாய்லருக்குப் பக்கத்தில் உள்ள ரேடியேட்டர்களிலேயே சுடுநீரில் பெரும்பங்கு சுற்றித் திரும்பிவிடும். கடைசி ரேடியேட்டருக்குச் சொற்பமே எட்டும். அந்த அறையின் வால்வை முழுக்கத் திறந்தும் பயனிருக்காது. பாய்லரின் சூட்டைக் கூட்டினால் முன் அறைதான் இன்னும் புழுங்கும். செய்ய வேண்டியது முன் அறையில். அங்கே நன்றாகச் சுடுகிற ரேடியேட்டரின் மறுமுனையில், மூடி போட்ட லாக்‌ஷீல்டு வால்வு ஒன்று இருக்கும். அதைச் சிறிது சிறிதாக அடைத்து வர வேண்டும். இங்கே குறையக் குறையத்தான் அங்கே சூடு போய்ச் சேரும்.

தன்னையே துறந்து, சிலுவையைச் சுமந்து தம் பின்னே வரச் சொல்கிறார் ஆண்டவர், இன்றைய நற்செய்தியில். துறவு என்றதும் நமக்குத் தவக்கால நோன்பு நினைவுக்கு வருகிறது, நல்லதுதான். முன் அறை வால்வைக் கால் சுற்று அடைப்பதையும் அந்தத் துறவில் சேர்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். நமக்குக் கொஞ்சமும் குறையாமல் அடுத்தவரைக் கதகதப்பாக வைத்துவிடலாம் என்று எண்ணினால், யாக்கோபு கண்டித்த அந்த வெறும் வார்த்தைக்கு அருகில்தான் நிற்கிறோம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். வாடகை வீட்டின் ஹீட்டிங்கைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு பொதுவாக உரிமையாளர் மேல் வைக்கிறது. உங்கள் சொந்த வீட்டிலேயே சின்ன அறையை, படிக்க வந்த ஒரு பிள்ளைக்கு விட்டிருக்கிறீர்களா? அங்கே சட்டம் எட்டாமல் போகலாம். யாக்கோபின் கேள்வி எட்டும். அந்தப் பிள்ளை புகார் சொல்லாது. போக வேறு இடம் இல்லை. நீங்களே மாடியேறிப் போய்த் தொட்டுப் பாருங்கள்.

இந்த வேலை தெரிந்த இளைஞர்கள் சிலர் நம் பங்கில் உண்டு. திருப்பலி முடிந்ததும் அவர்கள் கோவில் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். தனியாக வாழும் முதியோரும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் பெயரும் முகவரியும் கொடுங்கள். சாவியையும் துணியையும் அவர்களே கொண்டு வருவார்கள். பணம் தர வேண்டாம். கேட்கக் கூச்சப்படும் ஒருவரை உங்களுக்குத் தெரியும் என்றால், அவரிடம் சொல்லிவிட்டு, அவருக்காக நீங்கள் பெயர் கொடுங்கள்.