நானூறு அடிக்கா மலைத்து நிற்கிறாய்?

வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் நானூறு அடி. குறுக்கே ஒரு தெரு. வீட்டில் பறக்கிற வைஃபை பட்டறைக்குப் போனால் செத்துவிடுகிறது. "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது, ஆள் வந்து பார்த்தால்தான் உண்டு" என்று உட்கார்ந்துவிட்டாயா தம்பி? எழுந்திரு! நேபாளத்தைப் பார்!

மியாக்தி மாவட்டத்து மலைக்கிராமம் நாங்கி. அந்த ஊர்க்காரர் மகாபீர் புன், அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் படித்துவிட்டு ஊர்ப் பள்ளிக்கே திரும்பியவர். ஊரில் தொலைபேசி கிடையாது. பழைய கணினிகளின் பாகங்களை மரப்பெட்டிக்குள் பொருத்திப் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார். இணையத்துக்கு வழி தெரியவில்லை. 2001-இல் பிபிசிக்கே எழுதிக் கேட்டுவிட்டார்! விஷயம் பரவி, வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வைஃபை கருவிகளோடு மலையேறி வந்தார்கள். வீட்டுக்குள் வைக்கச் செய்த சாதாரணக் கருவிகள்தாம். டிவி டிஷ்ஷை ஆன்டெனா ஆக்கினார்கள். கோபுரத்துக்குக் காசில்லை, மரத்தின் உச்சியில் கட்டினார்கள். மலைக்கு மலை சிக்னலைத் தாண்டவிட்டு பொக்காரா நகரத்தோடு இணைத்தார்கள். நாட்டில் மாவோயிஸ்ட் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 2007-இல் மகசேசே விருது வந்தது. விருது கிடக்கட்டும், அந்த மரத்தில் ஏறிய துணிச்சலைப் பார்!

நேபாளம் தூரம் என்றால் தேனிக்கு வா. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரக் கிராமத்துக் கண் மையங்களை நீள்தூர வைஃபையால் இணைத்தது. கை கொடுத்தது பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழு. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணை, நகரத்து டாக்டர் திரையில் பார்த்துப் பேசினார். கிலோமீட்டர் கணக்கில் தாண்டிய சிக்னல் உன் தெருவைத் தாண்டாதா?

லைசென்ஸ் பயமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பிட்ட சக்திக்குள் உரிமமின்றிப் பயன்படுத்த 2005-லேயே நம் நாட்டில் அனுமதி வந்துவிட்டது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸிலும் தாராளமாகக் கதவு திறந்தது. பூட்டு உன் மனசில்தான் தொங்குகிறது, உடை அதை!

நூறு மீட்டருக்குள் என்றால் பேசாமல் லேன் கேபிளை இழுத்துவிடு என்பேன். அதைவிட நம்பகமானது வேறில்லை. உன் தூரம் அதைத் தாண்டுகிறது. வீட்டு ரூட்டர் நாலாபக்கமும் அலையை இறைக்கிறது, நானூறு அடியில் மிச்சமிருப்பது சொற்பம். அதனால் ஒரே திசையில் பாய்ச்சும் வெளிப்புறக் கருவி இரண்டு வாங்கு. இந்த மொட்டைமாடியில் ஒன்று, அந்த மொட்டைமாடியில் ஒன்று, நேருக்கு நேர். ஒன்றை அனுப்புவதாகவும் மற்றதை வாங்குவதாகவும் அமை. மெதுவாகத் திருப்பு, திரையில் சிக்னல் மைனஸ் எழுபதிலிருந்து மைனஸ் ஐம்பதுக்கு வரும்போது நிறுத்தி, போல்ட்டை இறுக்கு. பட்டறை ரூட்டரில் டிஎச்சிபியை அணைத்துவிடு. இரண்டு ரூட்டரும் முகவரி கொடுத்தால் சண்டைதான். எர்த் போடாமல் மாடியை விட்டு இறங்காதே, ஐப்பசி இடி யாரையும் விசாரித்துக்கொண்டு விழாது.

இத்தனைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நடுவில் தென்னை மட்டை மறைக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்காதே. கருவியைத் தாங்கும் குழாயை இன்னும் நாலடி உயர்த்து!