தூங்குனவ கழுத்துல கட்டுனது

பொம்பளை குரல் கொஞ்சம் ஓங்கிக் கேட்டால் எங்கள் பக்கம் "என்ன, இங்க அல்லி ராச்சியமா நடக்குது?" என்பார்கள். தேனி, கம்பம் என்றில்லை. தமிழ் பேசுகிற ஊர்களில் எல்லாம் இந்த ஏச்சு உண்டு. ஏசுகிறவர்களில் பாதிப்பேருக்கு அல்லி யாரென்று தெரியாது.

எனக்கு அம்மாச்சி சொல்லித் தெரியும். பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற பள்ளத்தாக்கு இது. எங்கள் தெருவுக்கு அதில் ஒரு செண்டு நிலம் கிடையாது. களை மட்டும் எங்களுடையது. லீவு நாளில் அம்மாச்சியோடு நானும் களைக்குப் போவேன். குனிந்தபடியே அது கதை சொல்லும். "அல்லின்னு ஒருத்தி மதுரைய ஆண்டாளாம். காவலுக்கும் பொம்பளைக, சண்டைக்கும் பொம்பளைக. ஆம்பள மூஞ்சியே ஆகாதாம் அவளுக்கு. அருச்சுனன் ஆசப்பட்டான், மசியல. கண்ணனச் சேத்துக்கிட்டு, பாம்பா மாறி உள்ள போயி, அவ அசந்து தூங்கையில தாலியக் கட்டிப்புட்டான். முழிச்சவ கழுத்தத் தடவிப் பாத்துட்டுக் கேட்டாளாம்: தூங்குனவ கழுத்துல கட்டுனதுக்குப் பேரு தாலியாடி? சுருக்குடீ!"

அதோடு நிறுத்திவிடும்.

"அப்பறம் அம்மாச்சி?"

"அப்பறம் என்னத்த? களை கெடக்கு, எடுங்க."

எம்.ஏ. படிக்கிறபோதுதான் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையைக் கையில் எடுத்தேன். புகழேந்திப் புலவர் பேரில் அச்சாகி வந்த புத்தகம். சங்கரதாஸ் சுவாமிகள் இதே கதையை நாடகமாக்கினார். கதை அம்மாச்சி நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. அல்லி கோபப்படுகிறாள், எதிர்க்கிறாள். கடைசியில் அருச்சுனனுக்குப் பெண்டாட்டி ஆகிறாள், புலந்திரனுக்குத் தாய் ஆகிறாள். விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்த அம்மாச்சிக்கு மீதிக் கதை தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் நிறுத்தியிருக்கிறது.

பழைய கதையை இப்படி மாற்றிச் சொல்வது நியாயமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மூலப்பிரதியைச் சிதைக்கிறீர்கள் என்கிறார்கள். எந்த மூலப்பிரதி? தூங்கும் அழகி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1636இல் இத்தாலியில் அச்சான பசீலேயின் கதையில் அரசன் முத்தம் கொடுத்து எழுப்பவில்லை. தூங்குகிறவளைப் புணர்ந்துவிட்டுப் போய்விடுகிறான். தூக்கத்திலேயே அவள் இரட்டைப் பிள்ளை பெறுகிறாள். 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில் அது முத்தம் ஆகிவிட்டது. வன்கொடுமையைக் காதலாக மாற்றியபோது சிதைவு என்று யாரும் கூச்சல் போடவில்லை.

நம் கதைகளுக்கு நடந்ததும் இதுதான். சக்கிலியர் வீட்டுப் பிள்ளையான மதுரை வீரனைக் காசி ராசாவுக்குப் பிறந்தவன், சக்கிலியர் எடுத்து வளர்த்தவன் என்று மாற்றினார்கள். பிராமணனான முத்துப்பட்டன் பூணூலை அறுத்துப்போட்டு பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டான். உடனே அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணத்திகள் என்று கதையில் ஒட்டுப்போட்டார்கள். நா. வானமாமலை இந்த ஒட்டை வெளிச்சம் போட்டுக் காட்டினார். ஆக, கதை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மாற்றுகிற உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

அந்த உரிமையைப் பெண்கள் பிடுங்கிக்கொண்டார்கள். 1979இல் இங்கிலாந்தின் ஏஞ்சலா கார்ட்டர் தேவதைக் கதைகளைப் புரட்டிப் போட்டார். 1997இல் அயர்லாந்துக்காரரான எம்மா டோனகூ எழுதிய கதையில் சிண்ட்ரெல்லா இளவரசனை விட்டுவிட்டு, தன்னை விருந்துக்கு அனுப்பிவைத்த பெண்ணோடு போய்விடுகிறாள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கிருத்திவாசரின் வங்காள ராமாயணத்தில் பகீரதன் இரண்டு விதவை ராணிகளின் கூடலில் பிறக்கிறான். ராஜஸ்தானின் விஜயதான் தேத்தா நாட்டார் கதையை எடுத்து, பெண்ணும் பெண்ணும் கல்யாணம் கட்டி வாழ்வதை எழுதினார். ஊர் விரட்டுகிறது, ஒரு பூதம் அடைக்கலம் கொடுக்கிறது. அதில் ஒருத்தி பூதத்திடம் வரம் வாங்கி ஆணாகிறாள். ஆண் உடம்போடு ஆண் அதிகாரமும் ஏறிவிடுகிறது. பட்டுத் திருந்தி மறுபடி பெண்ணாகிறாள். கிராமத்துக் கதைக்குள் இவ்வளவு இருக்கிறது.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இளவரசன் இருந்த இடத்தில் இன்னொரு இளவரசியை உட்கார வைத்துவிட்டால் போதுமா? அல்லி அரண்மனைக்குத் தண்ணி சுமந்தது யார்? பீ அள்ளியது யார்? அரண்மனை அப்படியே இருக்க, கட்டிலில் படுக்கிற ஆளை மட்டும் மாற்றுகிற மறுவாசிப்பு எங்களுக்குப் பாதிக் கதைதான். இதைப் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

மேடையில் பேசாததை இங்கே எழுத வேண்டும்.

எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருத்தி புருசனைப் பறிகொடுத்தவள். இன்னொருத்தி புருசன் கட்டிய தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவள். விடியாமல் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். ஒரே தூக்குவாளியில் சோறு. அஞ்சாறு வருசம் அப்படித்தான். தெரு முதலில் சிரித்தது, "அல்லி ராச்சியம்" என்றது, பிறகு பஞ்சாயத்தைக் கூட்டியது. அது 2019. 377ஆம் பிரிவில் இது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்தச் செய்தி எங்கள் சாவடிக்கு வந்து சேரவில்லை. தெரிந்த ஒரே ஆள் நான்.

பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இரட்டைக் குவளையை எதிர்த்து அடிபட்டவர்கள். "ஊர்க்காரன் கைகொட்டிச் சிரிப்பான்த்தா. நம்ம மானம் என்னாகுறது?" என்றார் ஒரு பெரியவர். "இவள அண்ணன் வீட்டுக்கு, அவளப் புருசன்கிட்ட அனுப்புவோம்" என்று முடிவானது. அந்தப் பெண்களில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "எங்களக் கேக்காம எங்களுக்கு என்னத்த முடிச்சு வக்கிறீக?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீ படிச்சவ, சொல்லுத்தா." நான் சொன்னேன்: "இப்பத்திக்கு நம்ம ஒத்துமைதான் முக்கியம்."

மறுநாள் அந்த வீடு பூட்டிக்கிடந்தது. ஒருத்தி இடுக்கியில் எஸ்டேட் லயத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மற்றவளைப் பற்றித் தகவல் இல்லை.

முதலில் சாதி ஒழியட்டும், இதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தோழர்கள் சொல்கிறபோது நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அண்ணல் அம்பேத்கர் 1916இல், இருபத்தைந்து வயதில், கொலம்பியாவில் வாசித்த கட்டுரை என்ன சொல்கிறது? சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற, கணக்கில் மிஞ்சுகிற பெண்ணை என்ன செய்வது என்பதே சாதியின் பிரச்சினை. எரித்தார்கள், எரிக்க முடியாதபோது விதவைக் கோலத்தில் பூட்டினார்கள். எங்கள் தெருவில் ஒன்றாகச் சோறு தின்ற அந்த இரண்டு பேரும் இப்படி மிஞ்சின பெண்கள்தான். எந்த ஆணின் கணக்கிலும் வராமல் வாழ்ந்து காட்டினார்கள். அவர்களைப் பிரித்து அனுப்பியபோது சாதி செய்கிற வேலையைச் சாதிக்கு நாங்களே செய்து கொடுத்தோம். ஊரின் மானக்கணக்கை நம் மானமாக எடுத்துக்கொண்டோம்.

2021 ஜூன் 7ஆம் தேதி, மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிப்போன இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. தனக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதினார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். 2023இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை கொடுக்க மறுத்துவிட்டது. சட்டம் அதன் வேகத்தில் போகட்டும். தனக்குத் தெரியவில்லை என்று ஒரு நீதிபதி சொன்ன அளவுக்குக்கூட எங்கள் சாவடியில் யாரும் சொல்லவில்லை. தெரிந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

கதையை மாற்றி எழுதுவது எனக்குச் சுலபம். காகிதத்தில் அல்லியை எங்கே வேண்டுமானாலும் அனுப்புவேன். பக்கத்து வீட்டில் அவள் குடியிருக்கும்போது என்ன செய்தேன் என்பதில்தான் என் யோக்கியதை இருக்கிறது. தோழர்களே, அடுத்த கூட்டத்தில் இதைப் பேச நேரம் ஒதுக்குங்கள். நன்றியுரைக்கு முன்னால் ஐந்து நிமிசம் அல்ல. எல்லோரும் இருக்கும்போது, முதலில்.