வலியும் வாக்குமூலமும்

மூன்று வருடங்களுக்கு முன் வயிற்று வலிக்காக ஹிப்னாஸிஸ் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "எங்க, கோழி மாதிரி கொக்கரி பாப்போம்" என்றிருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பள்ளி மேடையில் மேஜிக்காரர் ஒருவர், ஆப்பிள் என்று சொல்லி என் வகுப்புப் பையனைப் பச்சை வெங்காயம் கடிக்க வைத்ததைப் பார்த்துக் கைதட்டியவன்தான் நானும்.

எனக்கு ஐ.பி.எஸ். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, ஸ்கோப் ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். ஆனால் ஒவ்வொரு ரிலீஸுக்கு முந்தைய இரவும் யாரோ வயிற்றை ஈரத்துணி மாதிரிப் பிழிவார்கள். ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்ட பிறகு, குடல் மருத்துவரே ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். சந்தேகத்தோடு தேடிப் படித்தேன். 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் கடுமையான ஐ.பி.எஸ். உள்ள 30 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஹிப்னாஸிஸ். மறுபாதிக்குப் பேச்சு சிகிச்சையும் வெற்று மாத்திரையும். ஹிப்னாஸிஸ் பெற்றவர்கள் தெளிவாகவே தேறினார்கள். முடிவு 'லான்செட்' இதழில் வந்தது. 12 மாதம் மருந்து கேட்காதவர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதலே இன்று சொல்கிறது.

அந்த அறையில் ஊசலாடும் கடிகாரம் எதுவும் இல்லை. சாய்ந்து உட்காரச் சொன்னார். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். "கையை வயித்து மேல வைங்க. சூடு மெதுவா உள்ள இறங்குது. உள்ள ஒரு தண்ணி ஓடுது, அதோட வேகத்த நீங்களே பார்த்துக்கலாம்." எனக்குப் பாட்டி வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் வந்தது. தூங்கவில்லை. தெருவில் கீரைக்காரம்மா கூவியது கேட்டது. ஆனால் அது எனக்குச் சம்பந்தமில்லாத சத்தமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் இது வேலை செய்யாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். எனக்குச் செய்தது. வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் என்னை ஆள்வதை நிறுத்தியது.

தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று மனோவசியம். வசியம் என்றாலே வசியம் பண்ணுகிற ஒருவர் வந்துவிடுகிறார். இன்னொன்று அறிதுயில், பாற்கடலில் பெருமாள் கொள்கிற உறக்கம். அதில் இன்னொருவருக்கு இடமே இல்லை. ஹிப்னாஸிஸின் வரலாறு இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் நடந்த சண்டைதான். பாரிஸில் மெஸ்மர் தன்னிடமிருந்து ஒரு காந்தத் திரவம் நோயாளிக்குள் பாய்வதாகச் சொன்னார். 1784இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியர் அடங்கிய குழு அதைச் சோதித்தது. காந்தமேற்றிய மரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கண்ணைக் கட்டி விடப்பட்ட பையன், வேறு ஏதோ மரத்தடியில் மயங்கி விழுந்தான். திரவமும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். சில பத்தாண்டுகள் கழித்து அதே பாரிஸில், கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார், உறக்கம் தருபவரிடமிருந்து வருவதில்லை, உறங்குபவரிடமிருந்தே வருகிறது என்றார். 1819இல் வந்த தன் புத்தகத்தில் அதற்கு அவர் வைத்த பெயர் 'தெளிந்த உறக்கம்'. கிட்டத்தட்ட அறிதுயில்!

சரி, கற்பனைதான். அப்படியானால் என் குணம் பொய்யா? இல்லை என்று நினைக்கிறேன். வலி என்பது உணரப்படுவது மட்டுமே. வலிக்கவில்லை என்று நான் உண்மையாகவே உணர்ந்தால், வலிக்கவில்லை. அதைச் சரிபார்க்க வேறு சாட்சி கிடையாது.

இந்தத் தைரியத்தில் ஐந்தாவது அமர்வில் ஒன்று கேட்டேன். "மேடம், இது எங்க ஆரம்பிச்சதுன்னு பின்னாடி போய்ப் பார்க்க முடியுமா?" என்னிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. அப்பா. மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும் இரவுகளில் அவர் முகம். அதற்கு மேல் தெளிவாக எதுவும் ஞாபகமில்லை. ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றியது. இருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட.

"போகலாம். போனா ஏதாவது கிடைக்கும். ஆனா அது நடந்ததான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் செய்ய மாட்டேன்."

கோபம் வந்தது. காசு கொடுப்பவன் நான்தானே? வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் புரிந்தது. ஹிப்னாஸிஸில் மீட்ட நினைவுகள் சாதாரண நினைவுகளைவிட நம்பகமானவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985லேயே எச்சரித்திருக்கிறது. 1995இல் எலிசபெத் லாஃப்டஸ் ஹிப்னாஸிஸே இல்லாமல், சின்ன வயதில் கடைவீதி வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு நடக்காத கதையை 24 பேரிடம் சொன்னார். ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு அது முழுதாகவோ அரைகுறையாகவோ 'ஞாபகம்' வந்தது. அந்தக் காலத்து அமெரிக்காவில், இப்படி மீட்ட நினைவுகளை நம்பிப் பெற்றோர்மேல் குற்றம் சாட்டி, பிறகு அதைத் திரும்பப் பெற்ற பிள்ளைகள் உண்டு.

வலியைப் பொறுத்தவரை நான் மட்டுமே சாட்சி. நினைவு அப்படியல்ல. அதில் இன்னொருவரும் இருக்கிறார். நான் எவ்வளவு உறுதியாக உணர்ந்தாலும், நடக்காதது நடந்ததாகிவிடாது. என் தொழில் பாஷையில், நினைவு என்பது திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் திருத்தப்படுகிற லாக் ஃபைல். அதை எனக்கு ஆறுதலாக இருக்கும்படி திருத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விலை கொடுத்திருக்க வேண்டியவர் அந்த அறையிலேயே இல்லாத ஒரு மனிதர்.

குணமாவதற்குக் கற்பனையைப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டு. தீர்ப்புச் சொல்ல அதைப் பயன்படுத்த உரிமையில்லை. அவர் மறுத்ததையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இன்று எண்ணுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போன் செய்வார். "வயிறு எப்படிடா இருக்கு?" "பரவாயில்லப்பா." அந்த மார்க் ஷீட் இரவுகளைப் பற்றி அவரிடமே கேட்கலாம், விழித்துக்கொண்டு, அவர் பதில் சொல்லக்கூடிய இடத்தில். இன்னும் கேட்கவில்லை.