வாய்க்கரிசி யாருடையது?



எங்கள் ஆலய முன்றல்களில் திருவிழாக் காலத்தில் விடிய விடிய நாடகம் நடந்த நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றுள் அரிச்சந்திர மயான காண்டத்தின் இடம் தனியானது. காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 - 1989) அரிச்சந்திரனாக வந்தால் சனம் வீடு திரும்பாது. குஜராத்தில் சிறுவனாயிருந்த காந்தியடிகளையும் இக்கதையின் நாடகமே ஆட்கொண்டது எனச் சத்திய சோதனையில் காண்கிறோம்.

அரிச்சந்திரன் பொய் சொல்லாதவன் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுடலைக் காட்சியில் வேறொன்றும் இருக்கிறது. விசுவாமித்திரருக்கு நாட்டைக் கொடுத்து, மிகுதிக் கடனுக்காகக் காசியில் மனைவி மக்களை விற்று, தன்னையும் வீரவாகுவுக்கு விற்றுச் சுடலை காக்கிறான் மன்னன். பிணம் சுட வருபவர்கள் காற்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கொடுக்க வேண்டும். பணமும் துண்டும் எசமானுக்கு. வாய்க்கரிசி காவற்காரனின் கூலி, அதாவது அவனது சோறு. நள்ளிரவில், பாம்பு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி தனியே சுமந்து வருகிறாள். கையில் ஒன்றுமில்லை. தனக்குரிய வாய்க்கரிசியை விட்டுக்கொடுக்க அவன் உடனே சம்மதிக்கிறான். எசமானின் பங்கை மட்டும் விட மறுக்கிறான். தன் பிள்ளை என்று தெரிந்த பின்னும் கணக்கு மாறவில்லை.

இது கல்நெஞ்சல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அரசாங்கக் கந்தோரில் இலிகிதராகச் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு பிரதம இலிகிதர் இருந்தார். முத்திரைக் காசின்றி வரும் ஏழைகளுக்குத் தன் சட்டைப் பையிலிருந்து காசெடுத்து முத்திரை வாங்கி ஒட்டுவார். "முத்திரை இல்லாமலே எடுத்தால் என்ன, ஐயா?" என்று கேட்டேன். "முத்திரைக் காசு திறைசேரியின்ர, தம்பி. இரங்கிறதெண்டால் என்ர காசிலைதான் இரங்கலாம்" என்றார். மயான காண்டம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆலய பரிபாலனத்திலும் இதே சோதனை வருகிறது. "எங்கட ஆள்தானே, கோவில் காணிக் குத்தகையிலை கொஞ்சம் குறையுங்கோ" என்பார்கள். சிவன் சொத்து குலநாசம் என்று கூட்டத்தில் பேசுபவரே தனியே வந்து கேட்பதும் உண்டு! மறுத்தால் முகம் முறியும். நாளை நன்மை தீமைக்கு அந்த வீட்டுப் படியேற வேண்டும். வாளேந்தி நிற்பதிலும் பார்க்க இதற்குத் துணிவு கூட வேண்டும். கேட்பவர் உண்மையில் கஷ்டப்பட்டவரென்றால், அவருக்குக் கொடுக்க எங்கள் வீட்டு அரிசிப்பானை இருக்கிறது.

சந்திரமதியின் துணிவை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. காசி அரசனின் பிள்ளையைக் கொன்றவள் என்று வீண்பழி சுமத்தி அவளுக்கு மரணதண்டனை விதிக்கிறார்கள். வெட்ட வேண்டியவன் கணவன். நாட்டைத் தரவில்லை என்று ஒரு பொய் சொன்னால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்கிறார் முனிவர். அவள் அந்தப் பொய்யைக் கேட்கவில்லை. தலையைக் குனிந்து, கடமையைச் செய்யும்படி சொல்கிறாள். ஓங்கிய வாள் மாலையாகி அவள் கழுத்தில் விழுகிறது. எம்பெருமான் காட்சி கொடுக்க, விறகின் மேற் கிடந்த பிள்ளை எழுந்து தாயைத் தேடுகிறான்.