இஸ்னாத் இல்லாத படங்கள்

பழைய படங்களுக்கு ஒரு வசீகரம் உண்டு. காலம் அவற்றின் மீது பழுப்பு நிறத்தைப் பூசிவிடுகிறது. அந்தப் பழுப்பு, படத்தில் இருப்பவரின் பசியைக்கூட அழகாக்கிவிடுகிறது. 1930களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்திருப்பீர்கள். மட்கார்ட் நெளிந்த கார்கள், அவற்றின் கூரையில் கட்டிய மெத்தை, வாளி, சட்டி பானை. உள்ளே நெருக்கியடித்துக் கொண்டு பிள்ளைகள். வரட்சியாலும் கடனாலும் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குக் கூலி தேடிப் போனவர்கள் அவர்கள். இன்று அந்தப் படங்களைப் பார்ப்பவர் முதலில் கேட்பது, இது போர்ட் காரா, ஹட்சன் காரா என்றுதான். அந்தப் பிள்ளைகள் அன்று சாப்பிட்டார்களா என்ற கேள்வி பிறகு வருகிறது, அல்லது வராமலே போகிறது.

துன்பத்தில் இருக்கும் ஒருவரைப் படம் பிடிப்பது தகுமா? பிடித்த படத்தை அவர் காலத்துக்குப் பின்னும் பார்த்துக் கொண்டிருப்பது தகுமா? உருவப்படம் கூடுமா, கூடாதா என்று நமது உலமாக்கள் நடத்திய விவாதம் வேறு. அதில் நுழைய எனக்குத் தகுதியில்லை. நான் கேட்பது, படத்தில் இருக்கும் மனிதருக்கு நாம் கொடுக்க வேண்டிய ஹக்கைப் பற்றி.

அந்தக் காலப் படங்களில் உலகப் புகழ் பெற்றது ஒன்று. 1936 மார்ச் மாதம் கலிபோர்னியாவின் நிபோமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமொன்றில் டொரத்தியா லாங் என்ற பெண்மணி எடுத்தது. அவர் அரசாங்க நிறுவனமொன்றுக்காகப் படம் எடுத்தவர். குளிரில் பயிர் அழிந்து வேலையற்றுக் கிடந்த முகாம் அது. ஒரு தாய் கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்த்துக் கொண்டிருக்கிறாள். இரு பிள்ளைகள் முகத்தைத் திருப்பி அவள் தோளில் சாய்ந்திருக்கின்றனர். மடியில் ஒரு குழந்தை. இதே தொடரில் எடுத்த படங்கள் பத்திரிகையில் வெளிவந்ததும் அந்த முகாமுக்கு அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவு அனுப்பியது. ஆனால் அந்தத் தாயும் பிள்ளைகளும் அதற்குள் வேறிடம் போய்விட்டார்கள்.

லாங் அவளிடம் பெயரைக் கேட்கவில்லை. வயது 32 என்பதை மட்டும் குறித்துக் கொண்டார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டாள் என்றும் எழுதினார். நாற்பதாண்டுகளுக்கு மேல் அவள் பெயரில்லாமலே உலகெங்கும் சுற்றினாள். 1978இல்தான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற செரோக்கி இனப் பெண் என்பது வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் கசப்போடு சொன்னார். டயர் விற்ற கதையைக் குடும்பத்தார் மறுத்தனர். விற்பதற்கு வேறு டயர் எங்களிடம் ஏது, காரில் இருந்த டயர்களிலேயே அங்கிருந்து புறப்பட்டோம் என்றார் மகன். உண்மையில் அவர்களுடைய ஹட்சன் கார் பழுதாகி வழியில் நின்றிருந்தது. அதைத் திருத்துவதற்கான வேலையாக ஆண்கள் நகரத்துக்குப் போயிருந்த நேரத்தில்தான் லாங் வந்தார்.

இங்கே நமது ஹதீஸ் கலை நினைவுக்கு வருகிறது. ஒரு செய்தி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் முஹத்திஸ்கள் அதன் மத்னை மட்டும் பார்த்து ஏற்றுக் கொள்வதில்லை. இஸ்னாத் என்ன என்று கேட்பார்கள். யார் சொன்னது, யாரிடமிருந்து கேட்டார், நேரில் கேட்டாரா, நினைவாற்றல் உள்ளவரா? படம் என்பது மத்ன் மட்டுமே உள்ள செய்தி. கண்ணால் கண்டது போலிருப்பதால் நாம் அறிவிப்பாளரைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம். டயர் கதை அப்படித்தான் உலகெங்கும் பரவியது. சம்பந்தப்பட்டவளின் வாய்ச்சொல் வந்து சேர நாற்பது வருடங்கள் பிடித்தன.

கலிபோர்னியா வரை போகத் தேவையில்லை. நமது மலைநாட்டுக்கு வருவோம். 1870களில் ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் இலங்கையில் வாழ்ந்து, 1879இல் டிக்கோயாவில் காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் உண்டு. இங்கே எடுத்த தொழிலாளருக்கும் குடியானவருக்கும் பெரும்பாலும் பெயரில்லை. பின்னர் வந்த தபால் அட்டைகளிலும் அதே கதைதான். கூடை சுமந்த பெண்ணின் படத்தின் கீழ் ‘தேயிலை கொய்பவள்’ என்றிருக்கும். அந்த அட்டைகளைப் பெருப்பித்துச் சட்டமிட்டு இன்று உல்லாச விடுதிகளில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அதே விடுதியில் படுக்கை விரிக்கும் பெண் அவளுடைய கொள்ளுப்பேத்தியாக இருக்கலாம். இருவருக்கும் அது தெரிய வழியில்லை.

அப்படியானால் பெயர் இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். அந்தக் காலத்தில் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்குத் தோட்டம் தோட்டமாக மக்கள் வந்து போனார்கள். கடவுச்சீட்டுக்காக எடுத்த படம்தான் அவர்களில் பலருடைய வாழ்க்கையில் முதற்படமாக இருந்திருக்கும். அதில் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு, இலக்கமும் உண்டு. ஆனால் அது அவர்களை அனுப்பிவிடுவதற்கான படம். தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வந்ததே, அந்த ஒப்பாரி எந்தக் கடவுச்சீட்டுப் படத்திலும் இல்லை.

ஒரு படத்தில் முகமும் கதையும் இருந்தன, பெயர் இல்லை. மற்றதில் முகமும் பெயரும் இருந்தன, கதை இல்லை. இரண்டிலும் இல்லாதது ஒன்றுதான்: படத்தில் இருப்பவரின் சொல். தன்னைப் பற்றிச் சொல்லப்படுவதை ஆம் என்றோ இல்லை என்றோ கூறும் உரிமை. சாட்சியத்தில்கூட மறுதரப்பைக் கேளாமல் காழி தீர்ப்பளிக்க முடியாது. ஏழையின் படத்தை வைத்து நாமோ ஒவ்வொரு நாளும் தீர்ப்பளித்துக் கொண்டிருக்கிறோம்.

இதைப் படிக்கும் ஒருவர், அப்படியானால் படமே எடுக்க வேண்டாமே என்று சொல்லக்கூடும். அதற்கும் என்னால் உடன்பட முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் பறிக்கப்பட்டு, கிடைத்த லொறியிலும் வள்ளத்திலும் கால்நடையாகவும் புத்தளம் வரை வந்து சேர்ந்தார்கள். அந்த நாட்களின் படங்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன? மிகச் சொற்பம். படம் இல்லாத அநியாயத்தை மறப்பதும் மறுப்பதும் எளிது. எங்கள் பகுதியில் வந்து குடியேறிய ஒரு மூதாட்டி சொன்னார்: போன பவுணைக் கணக்குப் பார்க்கலாம் தம்பி, மௌத்தாகிப் போன மனுசன்ட முகத்த எங்க போய்ப் பார்க்கிறது? அலுமாரியில் விட்டு வந்த அல்பத்தைத்தான் அவர் சொன்னார். படம் எடுக்கப்படாதிருப்பதும் சில வேளை ஓர் இழப்பே. 2011இல் பிரஜைகள் ஆணைக்குழுவொன்று அந்த மக்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து அறிக்கையாக்கியது. படம் இல்லாத இடத்தில் சொல் வந்து நின்றது.

தொம்சனின் கதையிலும் ஒரு பிற்பகுதி உண்டு. 1983இல் அவர் நோயுற்றபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள். அந்தப் படத்தை மறவாத மக்கள் ஆயிரக்கணக்கான கடிதங்களும் பணமும் அனுப்பினார்கள். அதுவரை அந்தப் படத்தை வெட்கமாக நினைத்திருந்த பிள்ளைகள், அதைக் கண்ட பின் பெருமையாக நினைக்கத் தொடங்கினார்கள். ஆக, குற்றம் படத்தில் இல்லை. பெயர் தெரிந்து, அவர்கள் தம் வாயால் கேட்டபோதுதான் அந்தப் படம் அவர்களுக்குப் பயன்பட்டது.

ஆகவே நான் ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். அநியாயம் செய்தவனை நோக்கி நீட்டப்படும் படம் ஒன்று. அதில் ஏழை சாட்சி. கொடுத்தவனின் புகழுக்காக எடுக்கும் படம் மற்றொன்று. அதில் ஏழை வெறும் காட்சிப்பொருள். 2022இல் நாடு வங்குரோத்தான காலத்தில் கண்டியிலும் நாளெல்லாம் நீண்ட எரிபொருள் வரிசைகளைக் கண்டோம். பழைய கார்களையும் ஓட்டோக்களையும் தள்ளிக் கொண்டு நின்றவர்களின் படங்கள் ஆட்சியாளரை நோக்கிப் பேசின. அதே வருடம் உலருணவுப் பொதியை நீட்டும் ஒரு கையும் வாங்கும் ஒரு முகமுமாக வெளிவந்த படங்கள் யாரை நோக்கிப் பேசின?

நான் கற்பிக்கும் பாடசாலைக்கு ஒரு முறை கொப்பிகள் கொண்டு வந்தவர்கள், பிள்ளைகளைப் பதாகையின் கீழ் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு பையன் தனக்குக் கிடைத்த புத்தகப்பையை உயர்த்தி முகத்தை மறைத்துக் கொண்டான். பையை இறக்கு மகன் என்று இரண்டு முறை சொன்னார்கள். அவன் இறக்கவில்லை. தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் பாழாக்க வேண்டாம் என்று சூரத்துல் பகரா எச்சரிப்பதையும், யாசிக்காத தன்மானத்தால் செல்வர் போலத் தோன்றும் ஏழைகளை அதே சூரா சிறப்பித்துப் பேசுவதையும் நாம் ஓதுகிறோம். அந்தப் பையன் அதைச் செய்து காட்டினான்.

எங்கள் ஊர் வீடுகளில் இன்னும் சில பழைய ஸ்டூடியோப் படங்கள் உண்டு. இரவல் கோட்டும் தீட்டிய திரைச்சீலையும் பின்னணியாக, அல்லது யாருடையதோ ஒரு மொரிஸ் மைனர் காரின் மட்கார்டில் கை வைத்தபடி. அந்தக் கார் அவருடையதல்ல என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அந்த ஏழை தானே தீர்மானித்த படம் அது.

என் மாணவருக்கு நான் கொடுக்கும் வேலை சிறியது. வீட்டிலுள்ள பழைய படமொன்றை எடுத்து, அதில் இருப்பவர் யார், எடுத்தவர் யார், உங்களுக்குச் சொன்னவர் யார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவர் உயிரோடிருந்தால் அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். கையில் கைத்தொலைபேசி இருக்கும் பெரியவர்களுக்கும் இதைவிடப் பெரிய வேலை எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.