நின்றபடியே

குதிரையைப் படுக்க வைத்துச் செய்யும் அறுவையில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது, அது மயக்கம் தெளிந்து எழும் நேரத்தைத்தான். ஆபத்து என்றால் ஓடித் தப்பிக்கும் விலங்கு அது. அரைத் தெளிவிலேயே 500 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு எழப் பார்க்கும். அப்போது கால் முறியலாம். படுத்திருந்த நேரத்தில் சொந்த எடையே தசைகளை நசுக்கியிருக்கலாம். 2002இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வயிற்றுவலிக்கான அவசர அறுவைகளை விலக்கிய பிறகும், ஏறத்தாழ 100க்கு 1 குதிரை இறந்திருக்கிறது.

அதனால்தான் சில அறுவைகளை நின்றபடியே செய்யப் பழகினார்கள். பெண்குதிரையின் சினைப்பையை நீக்குவது அவற்றில் ஒன்று. முன்பு பிறப்புறுப்பு வழியாகக் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், சங்கிலி போன்ற கருவியால் இறுக்கித் துண்டிக்கும் முறை இருந்தது. இப்போது குதிரையைக் கம்பிச் சட்டத்துக்குள் நிறுத்தி, டெட்டோமிடின் போன்ற மருந்தால் அரைத்தூக்கத்தில் வைக்கிறார்கள். விலாவுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் நுழைக்கிறார்கள். சினைப்பையைத் தாங்கும் திசுவையும் மரக்கச் செய்து, ரத்தக் குழாய்களைச் சூட்டால் மூடி வெட்டி, ஒரு துளையைப் பெரிதாக்கி வெளியே எடுக்கிறார்கள். வலி குறைவு, தழும்பு சின்னது, எழும்போது விழும் பயமே இல்லை.

இந்த முறையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. என் கேள்வி அதற்கு முந்தையது: எதற்காக எடுக்கிறோம்?

ஒரு காரணம் கட்டி. பெரும்பாலும் ஒரு சினைப்பையில் மட்டும் வரும் ஒருவகைக் கட்டி ஹார்மோன்களைக் குழப்பி, பெண்குதிரையை ஆண்குதிரை போல முரட்டுத்தனமாக்கிவிடும். அதை எடுப்பது குதிரைக்கான சிகிச்சை. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இன்னொரு காரணம் குணம். இனப்பெருக்கக் காலத்தில் பெண்குதிரை சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வாலைத் தூக்கும், கனைக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், சவாரிக்கு ஒத்துழைக்காது. "இதோட ஒரே ரோதனையா போச்சு, எடுத்துடுங்க" என்று உரிமையாளர் கேட்கிறார். நல்ல மருத்துவர் உடனே தலையாட்ட மாட்டார். முதுகுவலியா, வயிற்றுப்புண்ணா, சேணம் உறுத்துகிறதா என்று முதலில் பார்ப்பார். ஏனென்றால் இரண்டு சினைப்பையையும் எடுத்த பிறகும் சில குதிரைகள் பருவக் குறிகளைக் காட்டுகின்றன. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன்களே அதற்குப் போதும். குணம் என்று நாம் பெயர் வைத்தது, "வலிக்குது" என்று அது சொன்னதாகவும் இருக்கலாம்.

காயம் சின்னதாக ஆக, அதற்கு நாம் கேட்கும் காரணமும் சின்னதாகிறது. சாகக்கூடும் என்றிருந்தபோது உரிமையாளர் ஒரு ராத்திரியாவது யோசித்திருப்பார். இப்போது ரெண்டு மூனு ஓட்டை, சில வார ஓய்வு, அவ்வளவுதானே? பழைய ஆபத்து திரும்பி வரட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆபத்து ஒரு கேள்வியையும் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதை நாமே கேட்டாக வேண்டும்.

மௌனம் சம்மதம் என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. கம்மென்று நிற்கும் குதிரையைப் பார்த்தால், ஒத்துக்கொண்டது போலத்தான் தோன்றும். ஆனால் குதிரையின் கால்களில் உள்ள தசைநார்கள் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும். அது நின்றபடியே அரைத்தூக்கம் போடவும் முடியும். அறுவை மேசையில் படுத்திருப்பதில் எவ்வளவு சம்மதம் உண்டோ, அவ்வளவுதான் இந்த நிற்றலிலும்.

"பூனைக்குச் செய்றோமே, அப்ப மட்டும்?" என்று கேட்கலாம். சரியான கேள்விதான். தெருவில் குட்டி போட்டு, பாதியைச் சாகக் கொடுத்து, மறுபடி சினையாகும் பூனைக்கு அந்த அறுவையில் சொந்த லாபம் உண்டு. குதிரைக்கும் ஒரு லாபத்தைக் காட்ட முடியும். சவாரிக்கு உதவாத குதிரை கைமாறிக்கொண்டே போகும். சில நாடுகளில் அந்தப் பயணம் இறைச்சிக்கூடத்தில் முடியும். சினைப்பையை இழந்து ஒரு வீட்டில் தங்குவது அதைவிட மேல் என்றால், நான் மறுக்க மாட்டேன். ஆனால் அங்கேயும் குதிரையை அச்சுறுத்துவது அதன் உடம்பு இல்லை, நம் பொறுமையின் அளவு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

ஆபத்து குறைந்தால் முடிவு மாறுவது நியாயமே. யாருக்காக அந்த முடிவு என்பது மட்டும் அதனால் மாறுவதில்லை. எனவே நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது: இனி இந்தக் குதிரைமேல் யாருமே ஏறப்போவதில்லை என்றாலும் இந்த அறுவையைச் செய்வோமா? கட்டிக்குச் செய்வோம். குணத்துக்கு? அங்கே பதில் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தோடு முதுகையும் வயிற்றையும் சேணத்தையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தால், அறுவை தேவைப்படாமலே போகலாம்.