கூடினால் நிமிரும் முதுகு!

உன் காயத்தை நீ ஒருத்தனே சுமக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

"எல்லாம் என் தலையெழுத்து." "வெளியில் சொன்னால் மானம் போகும்." "நானே பார்த்துக்கொள்கிறேன்." இந்த மூன்று பேச்சையும் இன்றோடு நிறுத்து!

தன்னம்பிக்கை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னந்தனியாக நிற்பது என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தக் காவிரிக் கழனிகளில் நிமிர்ந்த முதுகு எதுவும் தனியாக நிமிரவில்லை. தோளோடு தோள் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தது. சான்று தேடி வேறு தேசம் போக வேண்டாம். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நாகைக்கும் நடுவில் கிடக்கிற வரப்புகளில் நடந்தாலே போதும்.

அடி வாங்கியது தாத்தன், குனிந்தது பேரன்

எண்பது ஆண்டுகளுக்கும் முன்பு கீழத்தஞ்சையில் பண்ணையாள் என்றொரு பிறப்பு இருந்தது. விடியுமுன் மிராசுதார் களத்தில் நிற்க வேண்டும். சற்றே தாமதித்தால், உடம்புக்கு முடியவில்லை என்று படுத்தால், காரியக்காரரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் இரண்டு தண்டனைகள் காத்திருந்தன. ஒன்று சவுக்கடி. இன்னொன்று சாணிப்பால். மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து மனிதன் வாயில் ஊற்றினார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க ஊற்றினார்கள். துண்டைத் தோளில் போடக் கூடாது; இடுப்பில் கட்ட வேண்டும், இல்லை கக்கத்தில் இடுக்க வேண்டும்.

சவுக்கு ஒரு முதுகில்தான் விழுந்தது. ஆனால், பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை என்ன படித்தான்? பேசாதே, நிமிராதே, கண்ணைப் பார்க்காதே! அவன் அப்பனானதும் தன் பிள்ளைக்கும் அதையே சொல்லிக் கொடுத்தான். இன்றைக்குப் பட்டம் வாங்கிய பேரன் நேர்முகத் தேர்வில் போய் உட்கார்ந்தால் தொண்டை அடைக்கிறது. "எனக்குத் தைரியம் பத்தாது" என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். தம்பி, அது உன் கோழைத்தனம் இல்லை. உன் தாத்தன் வாங்கிய அடி உன் குரல்வளையில் இன்னும் வலிக்கிறது!

உடம்பும் இந்தக் கணக்கை வைத்திருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் பெரும் பஞ்சம். அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயது தாண்டியும் பின்தொடர்ந்து ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுடைய சர்க்கரை நோயிலும் இதய நோயிலும் அந்தப் பட்டினியின் தடத்தைப் பார்த்தார்கள். தாய் பட்டதைப் பிள்ளையின் உடம்பு மறக்கவில்லை. ஆகவே உன்னைக் குறை சொல்வதை முதலில் விடு. காயம் எங்கிருந்து வந்தது என்று கேள்.

சவுக்கைப் பிடுங்கியது யார்?

1940களில் கம்யூனிஸ்ட் ஊழியர் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார். கர்நாடகத்தில் பிறந்தவர், பிராமணர். சேரியில் தங்கினார், அவர்கள் குடித்த கஞ்சியையே குடித்தார். வேலை முடிந்து கால் கழுவி வந்தவர்களை இரவில் கூட்டி உட்கார வைத்துப் பேசினார். பேசியதைவிட முக்கியம், அவர்களைப் பேச வைத்தது. தனக்கு மட்டும்தான் இந்த அவமானம் என்று புழுங்கியவன், பக்கத்தில் இருந்தவனும் அதையே சொல்லக் கேட்டான். அந்த நொடியில் பாதி பயம் செத்தது!

விவசாயிகள் சங்கம் கிளம்பியது. ஒருத்தனை அடித்தால் ஊரே அரிவாளைக் கீழே வைத்தது. 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களோடு ஒப்பந்தம் ஆயிற்று. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு எழுதப்பட்டது. 1952இல் தஞ்சைப் பண்ணையாட்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. இடுப்புத் துண்டு தோளுக்கு ஏறியது. அதை ஏற்றியது எந்தத் தனி மனிதனின் மன உறுதியும் இல்லை. இருட்டில் கூடி உட்கார்ந்த அந்த வட்டம்!

அதே வட்டத்துக்குள் அக்கிரகாரத்திலிருந்து ஒரு பெண் நடந்து வந்தார். மணலூர் மணியம்மை. சின்ன வயதிலேயே தன்னைவிட மிக மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டு, இளமையிலேயே தாலி இழந்தவர். ஊர் அவருக்கு ஒதுக்கிய இடம் மூலை. அவர் மூலையில் உட்காரவில்லை. முடியைக் கத்தரித்தார், வேட்டி கட்டினார், சட்டை போட்டார், சிலம்பம் பழகினார், சேரிக்குள் போனார். பண்ணையாட்களின் கூலிச் சண்டையைத் தன் சண்டையாக எடுத்துக்கொண்டார். சொந்த வீடு விலக்கிய பெண்ணைக் கூலிக்காரக் குடும்பங்கள் அம்மா என்று கூப்பிட்டன. 1953இல் மான் முட்டி இறந்தார். ராஜம் கிருஷ்ணன் அவர் வாழ்க்கையைத் தேடித் திரட்டி 'பாதையில் பதிந்த அடிகள்' என்று நூலாக்கினார்.

தங்கையே, கவனி. மணியம்மை தன் துக்கம் தீரட்டும், பிறகு அடுத்தவரைப் பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. அடுத்தவர் துக்கத்துக்குத் தோள் கொடுத்தார். தன் துக்கத்துக்கும் தோள் கிடைத்தது.

வெண்மணிக்குப் பிறகும் விதைத்தார்கள்

1968 டிசம்பர் 25. கூடுதல் நெல் கூலி கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, கீழ்வெண்மணியில் ராமையாவின் சின்னக் குடிசைக்குள் ஒடுங்கியவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர் சாம்பலானார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இதைவிடப் பெரிய காயம் ஓர் ஊருக்கு வேறு என்ன வேண்டும்?

செய்தி கேட்டுச் சர்வோதய ஊழியர்களான கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் வந்தார்கள். ஆறுதல் சொல்லிவிட்டுப் பஸ் ஏறவில்லை, கீழத்தஞ்சையிலேயே தங்கிவிட்டார்கள். கிருஷ்ணம்மாள் நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். அந்தப் பெண்களுடன் உட்கார்ந்து அழவும் தெரிந்தது, எழுந்து கணக்குக் கேட்கவும் தெரிந்தது. எதிர்த்தரப்பு நிலக்காரர் வீட்டு வாசலிலும் போய் நின்று பேசினார். 1981இல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலத்தை நியாய விலைக்குப் பேசி, வங்கிக் கடனுக்கு அலைந்து, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பெண்கள் பெயரில் எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008இல் மாற்று நோபல் எனப்படும் விருது, 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்ம பூஷண்.

கூடுவது என்றால் நடந்ததை மறந்து கைகுலுக்குவது என்று யாராவது சொன்னால் நம்பாதே. வெண்மணிக்காரர்கள் மறக்கவில்லை. இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் அந்த நினைவிடத்தில் ஆயிரமாயிரம் பேர் கூடுகிறார்கள். 2004 ஜூலை 16இல் 94 குழந்தைகளைப் பள்ளித் தீக்குக் கொடுத்த கும்பகோணத்துப் பெற்றோரும் அதே நாளில் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். நியாயம் கேட்காத ஒட்டுதல் வெறும் பூச்சு. நிலம் கையில் வந்த பிறகு, மேல் தெருக்காரனோடு பேசும்போது குரல் நடுங்காது!

நம்மிடம் மருந்து இருந்தது

நம் ஊர் சாவு வீட்டைப் பார்த்திருக்கிறாயா? பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலையோடு தலை சாய்த்து, ஆடி ஆடி அழுவார்கள். ஒருத்தி இழுப்பாள், மற்றவர்கள் வாங்கி முடிப்பார்கள். உற்றுக் கேட்டால் தெரியும்: செத்தவருக்காக மட்டும் அவர்கள் அழவில்லை. பத்து வருஷத்துக்கு முன் பறிகொடுத்த பிள்ளைக்கும், குடித்துவிட்டு அடிக்கும் புருஷனுக்கும், வராமல் போன தண்ணீருக்கும் சேர்த்தே அழுகிறார்கள். அழுது முடித்து, முந்தானையால் முகம் துடைத்து, எழுந்து வேலைக்குப் போவார்கள்.

இப்போது என்ன செய்கிறோம்? ஐஸ் பெட்டி வந்துவிட்டது. ஒப்பாரியை மைக் செட்டு பாடுகிறது. நாம் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து கைபேசியைத் தடவுகிறோம்.

உலகம் இந்த மருந்தைத் தேடி அலைகிறது. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006இல் என்ன செய்தார் தெரியுமா? பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். துயரப்பட்டவர்கள் வந்து பாட்டியிடம் பேசினார்கள். வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் கிடைத்தது என்று 2016இல் ஆய்வு வெளியானது. நம் திண்ணையில் பாட்டி இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் பேசத்தான் ஆளில்லை!

2004 சுனாமியில் நாகை மாவட்டம் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் வல்லுநர்களும் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்துத்தான் வீடு வீடாக அனுப்பினார்கள். அடிபட்ட மனசுக்கு முதலில் தேவை பக்கத்தில் ஓர் ஆள்.

கொள்ளிடக் கரை உடைப்பெடுத்தால் என்ன செய்வோம்? யார் வயல், எந்தத் தெரு என்று கேட்காமல் மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடும். மனிதன் மனசு உடைப்பெடுத்தால் மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறோம்? 2018 நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. விழுந்த மரத்துக்குக் கணக்கெடுத்தோம். மரத்தோடு விழுந்த மனிதர்களை யார் கணக்கெடுத்தது?

இன்றைக்கே செய்!

ஒன்று: உன் வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்கார வைத்துக் கேள். "நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்." குறுக்கே பேசாதே. அவர் அழுதால் அழட்டும். உனக்கு அழுகை வந்தால் நீயும் அழு. நடந்த கதை தெரிந்தவன் தன்னைத் திட்டிக்கொள்ள மாட்டான்.

இரண்டு: அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல். அடி வாங்கிய கதையோடு நிறுத்தாதே. சவுக்கைப் பிடுங்கிய கதையையும் சேர்த்துச் சொல். பிள்ளைக்குப் பயத்தை மட்டும் சொத்தாகக் கொடுப்பது பாவம்!

மூன்று: உன் துக்க வீட்டுக்குத் தெரு பார்த்துத்தான் ஆள் வருகிறதா? நீயும் தெரு பார்த்துத்தான் போகிறாயா? அப்படியானால் உன் ஊரின் காயம் ஆறவில்லை. அடுத்த தெருவின் சாவு வீட்டுக்குப் போய் உட்கார். அவர்கள் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடி.

நான்கு: தூக்கம் வரவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்காதே. நண்பனைக் கூப்பிடு. ஆள் இல்லையென்றால் 14416க்கு அடி. அது அரசின் இலவச மனநல உதவி எண். மருத்துவரிடம் போவதும் கூடுவதில் ஒரு வகைதான்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தம்பி! தங்கையே! காவிரி மண்ணில் எந்தச் சவுக்கையும் தனி ஆள் பிடுங்கியதில்லை. சவுக்கு எடுத்தவனுக்கு அது தெரியும். அதனால்தான் அவன் கூட்டத்தைக் கண்டு பயந்தான். உன்னைத் தனியாக இருக்கச் சொல்லும் குரல் எதுவாக இருந்தாலும், அது உன் மனசுக்குள்ளிருந்தே வந்தாலும், அதற்குக் கட்டுப்படாதே. எழுந்திரு! உன்னைப் போலவே வலியை விழுங்கிக்கொண்டு இருக்கிற ஒருவர் உன் தெருவிலேயே இருக்கிறார். அவர் கதவைப் போய்த் தட்டு. இன்று பொழுது சாய்வதற்குள் தட்டு!